தாழமுக்கம்: அங்கே ஒரு சொல், இங்கே மூன்று

ஐப்பசி, கார்த்திகை வந்தால் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே மழையைப் பற்றித்தான் செய்தி வாசிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது தாழமுக்கம். சென்னைக்காரருக்குக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

தாழ் + அமுக்கம் = தாழமுக்கம். வினைத்தொகை. இலங்கைப் பாடநூல்களில் அழுத்தம் என்பதற்கு அமுக்கம் என்றே எழுதுவார்கள். இரத்த அழுத்தம்கூட அங்கே குருதியமுக்கம்தான். தமிழ்நாட்டில் அமுக்கம் வேறு பக்கம் போய்விட்டது. 'ஆள் ரொம்ப அமுக்கம்' என்றால் வாயைத் திறக்காமல் காரியம் சாதிப்பவர் என்று பொருள். அதனால்தானோ என்னவோ, தாழமுக்கம் என்று முதல்முறை கேட்கும் தமிழ்நாட்டுக்காரர் கொஞ்சம் விழிப்பார்.

இரண்டுக்கும் எதிரே ஆங்கிலத்தில் இருப்பது டிப்ரெஷன். 'கீழே அமுக்கு' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. மனச்சோர்வுக்கும் அதே சொல்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் காற்று கீழே அமுங்குவதில்லை. வெதுவெதுப்பான கடலின் மேல் ஈரக்காற்று மேலே எழும்புகிறது. அதனால் கீழே அழுத்தம் குறைய, சுற்றிலும் உள்ள காற்று அங்கே ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் நேராக வர முடியாமல் வளைந்து, நம் அரைக்கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. குறைவது பெரிய அளவு என்றும் நினைக்க வேண்டாம். கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013 மில்லிபார். அதில் சில மில்லிபார் இறங்கினாலே நமக்கு மழைச் செய்தி. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின் மையத்தில் அது சுமார் 912 வரை இறங்கியதாக மதிப்பிட்டார்கள்.

இந்திய வானிலைத் துறையின் கணக்கில் பகுதி வேறு, மண்டலம் வேறு. காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே என்றால் தாழ்வுப் பகுதி. அதைத் தொட்டால் தாழ்வு மண்டலம். 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 ஆனதும் புயல். பெயர் வைப்பது அப்போதுதான். இத்தனை படிகளிலும் அளப்பது காற்றை மட்டுமே. மழையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இது புரியாமல்தான் 'வலுவிழந்தது' என்று கேட்டதும் நிம்மதியாகி விடுகிறோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் என்ற பட்டத்தை இழந்த பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. 2015 டிசம்பர் 1இல் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தபோது புயல் என்று எதுவுமே இல்லை. மறுபக்கம் 2016இன் வர்தாவைச் சென்னை நினைவில் வைத்திருப்பது சாய்ந்த மரங்களுக்காக.

மழை யாருக்கு என்பதைத் தாழ்வு நிற்கும் இடமும் முடிவு செய்யும். சென்னைக்குத் தென்கிழக்கே நின்றால் காற்று வடகிழக்கிலிருந்து, கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். அதே தாழ்வு நழுவி ஆந்திரக் கரைக்குப் போய்விட்டால் காற்று மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்றாகிவிடும். வானம் வெளுக்கும், 'ஏமாத்திடுச்சு' என்று பேச்சு எழும். கடலோடிகள் இந்தத் திசைகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் ஈழத்தில் கச்சான். கொண்டலுக்கு மேகம் என்ற பொருளும் உண்டு. கீழைக்காற்றும் மேகமும் சேர்ந்தே வரும் கரையில் அது இயல்புதான்.

அப்புறம் புயல். இன்று அழிவைச் சொல்லும் இந்தச் சொல் பழைய தமிழில் மேகம், மழை. 'ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்பது குறள். புயல் குறைந்தால் உழவர் ஏர் ஓட்ட மாட்டார்கள் என்று வள்ளுவர் கவலைப்படுகிறார். இன்றைய பொருளில் படித்தால் குழம்பிவிடும். மழை மேகம் எப்போது காற்றாக மாறியது என்று ஒரு தேதி குறிக்க முடியாது. இலங்கையில் சூறாவளி என்பதே வழக்கு. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்ததை அந்தப் பெயரிலேயே நினைவுகூர்கிறார்கள். சூறை, வளி இரண்டும் சேர்ந்த சொல் அது. சைக்ளோன் என்ற சொல்லும் இந்தக் கடலோரத்தில் பிறந்ததுதான். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1848இல், பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார்.

சரி, எதை எழுதுவது? 'குறைந்த காற்றழுத்தத் தாழ்வு' வேண்டாம். குறைவும் தாழ்வும் ஒன்றுதான்; ஆனாலும் நாளிதழ்கள் விடுவதில்லை. தலைப்பில் இடம் போதாமல் 'தாழ்வு மண்டலம்' என்று வெட்டினாலோ காற்றும் போயிற்று, அழுத்தமும் போயிற்று. காற்றழுத்தத் தாழ்வு என்று எழுதுவோர் நடுவில் வரும் த் என்ற ஒற்றை விடக் கூடாது. தாழ்வுப் பகுதிக்கு ப் வேண்டும். தாழமுக்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. தாழமுக்கத்தால், தாழமுக்கமாக என்று உருபுகளும் ஒட்டும், ஆழ்ந்த தாழமுக்கம் என்று அடையும் ஏற்கும். என் ஓட்டு அதற்குத்தான். இரண்டு பருவமழை முழுக்கச் செய்தி வாசிப்பவர் சொல்லிவிட்டால் தமிழ்நாட்டுக் காதும் பழகிவிடும்.