ரிலீஸுக்குப் பதினெட்டு நாள் முன்னால் வந்தால்

சில வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை இரவு, நான் விளம்பர வேலை பார்த்த சின்னப் படம் ஒன்றின் ஹேஷ்டேக் ட்விட்டரில் இந்திய அளவில் ட்ரெண்டிங்கில் வந்தது. இயக்குநர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். தயாரிப்பாளர், அவருடைய மச்சான், மச்சானின் தொழில் கூட்டாளி என்று வாட்ஸ்அப் குழு முழுக்கக் கைதட்டும் பொம்மைகள். மறுநாள் காலைக் காட்சிக்கு வடபழனிப் பக்கம் ஒரு தியேட்டரில் போய் உட்கார்ந்தோம். எங்களையும் சேர்த்துப் பதினான்கு பேர். அதில் ஆறு பேர் படத்தில் நடித்தவர்கள்.

அந்த ட்ரெண்டிங்குக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்திருந்தோம். நானும் தடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இயக்குநர் என்னிடம் வந்ததே ரிலீஸுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போதுதான். அவ்வளவு குறைந்த நாளில் உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. காசைக் கொடுத்தால் கையில் உடனே கிடைக்கிற சரக்கு ஹேஷ்டேக் ஒன்றுதான், அதை வாங்கினோம்.

பெரிய நடிகரின் படத்துக்கு விளம்பரம் என்பது ஞாபகப்படுத்துவது. படம் வருகிறது என்று ஊருக்கே தெரியும், தேதியைச் சொன்னால் போதும். பெயர் தெரியாத ஆட்கள் சேர்ந்து எடுத்த படத்துக்கு அது அறிமுகம். பெண் பார்க்கப் போகுமுன் நாலு பேர் வழியாக விசாரிக்கிறோம் அல்லவா, அதுபோல இந்தப் படத்தைப் பற்றியும் நாலு பேர் சொல்லிக் காதில் விழ வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். குறைந்தது நான்கு மாதம் என்பது என் கணக்கு.

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, “ஸ்டில்ஸ் இருக்கா?” படப்பிடிப்பில் தனியாக எடுத்த புகைப்படங்களைத்தான் கேட்கிறேன்.

தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) வேலையே ஸ்டில்ஸிலிருந்து பிறந்ததுதான். 1958-இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தின் புகைப்படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். அங்கிருந்துதான் அந்தப் பதவிக்கே ஒரு பெயர் வந்தது. இன்று சின்னப் படங்களில் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கழற்றிவிடப்படுபவர் ஸ்டில் போட்டோகிராபர். “ஃபுட்டேஜ்லேர்ந்தே எடுத்துக்கலாம் சார்” என்பார்கள். எடுக்கலாம்தான். ஆனால் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த காட்சியில் கை அசைந்தால் கை கலங்கியிருக்கும், தலை திரும்பினால் முகம் கலங்கியிருக்கும். திரையில் ஓடும்போது தெரியாத அந்தக் கலங்கல் தாளில் அசிங்கமாகத் தெரியும். ஒருமுறை ஒரு வார இதழில் அரைப் பக்கம் தர ஆசிரியரே தயாராக இருந்தார். நாங்கள் அனுப்பிய படங்களில் அச்சுக்கு ஏற்றது ஒன்றுகூட இல்லாததால் செய்தி நாலு வரியாகச் சுருங்கியது. முப்பது நாள் படப்பிடிப்பில் முக்கியமான ஐந்தாறு நாளாவது ஒரு போட்டோகிராபரை வரச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கிற சம்பளம், கடைசி வாரத்தில் வீணாகப் போகிற பணத்தில் கால்வாசி இருக்காது.

அப்புறம் தியேட்டர் கணக்கு. வெள்ளிக்கிழமை வந்த படத்தின் தலையெழுத்து ஞாயிறு இரவுக்குள் தெரிந்துவிடும். திங்கட்கிழமை காட்சிகளைக் குறைப்பார்கள், அடுத்த வெள்ளிக்குப் புதுப் படங்கள் வரிசையில் நிற்கும். ஆளே வரவில்லையென்றால் முதல் நாளே காட்சி ரத்து. பார்த்தவர் சொல்லி அடுத்தவர் வருவதற்கு நாலைந்து நாளாவது வேண்டும், படம் தியேட்டரில் இருப்பதோ மூன்று நாள். இந்தச் சிக்கலுக்குப் பலர் கண்டுபிடிக்கும் தீர்வு நூறு தியேட்டரில் போடுவது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படத்தைத் தியேட்டர்களுக்கு டிஜிட்டலாகக் கொண்டுசேர்க்கும் க்யூப் மாதிரியான நிறுவனங்களுக்கு ஒவ்வொரு திரைக்கும் கட்டணம் உண்டு. 2018-இல் மார்ச் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை தமிழில் புதுப் படங்களே வராமல் நின்றதற்கு அந்தக் கட்டணம் முக்கியக் காரணம். நூறு தியேட்டரில் காலியாக ஓடுவதைவிட பதினைந்தில் நிரம்பி ஓடலாம், மீதிப் பணத்தில் ரிலீஸுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் முன்திரையிடல் நடத்தலாம். விமர்சகர்களுக்கான பிரஸ் ஷோவை நான் சொல்லவில்லை. படத்தின் விஷயம் யாரைத் தொடுமோ அவர்களுக்கான காட்சி.

எண்களை விற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரெய்லருக்குப் பத்து லட்சம் பார்வை என்று பேக்கேஜ் தருவார்கள். பார்வை வரும். கீழே கமெண்ட் நாற்பது இருக்கும், அதில் முப்பது “சூப்பர் ப்ரோ”. யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள், எத்தனை நொடி பார்த்தார்கள் என்று பாருங்கள். தமிழே தெரியாத ஊர்களிலிருந்து எட்டு நொடி பார்த்த கூட்டம் மாயவரத்தில் டிக்கெட் வாங்காது. இந்தத் தகவல் சேனல் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும் என்பது இன்னொரு விஷயம். ஆடியோ கம்பெனியின் சேனலில் ட்ரெய்லரைப் போட்டால் அவர்களுடைய சந்தாதாரர்களின் கண்ணில் படும், அது லாபம். ஆனால் யார் பார்த்தார்கள் என்ற விவரம் அவர்களிடமே தங்கிவிடும். ஒப்பந்தம் போடும்போதே அந்த விவரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். யாரும் கேட்பதில்லை.

காசு வாங்கிக்கொண்டு படத்தைப் புகழ்பவர்களிடம் போவோர் ஒரு சட்ட விஷயத்தையும் தெரிந்துகொள்ளலாம். 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டியின்படி, பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு சமூக ஊடகத்தில் ஒன்றைப் பரிந்துரைப்பவர் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரம் கொடுத்தவருக்கும் அது உண்டு. சட்டம் கிடக்கட்டும், காசுக்குப் பேசுகிற விமர்சனத்தைப் பார்ப்பவர் இரண்டாவது நிமிடமே கண்டுபிடித்துவிடுகிறார்.

திரைப்பட விழாக்கள் தனிக் கதை. ‘காக்கா முட்டை’ 2014 செப்டம்பரில் டொரண்டோ விழாவில் திரையிடப்பட்டது, 2015 மார்ச்சில் தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டன, ஜூன் 5 அன்று தியேட்டருக்கு வந்தது. ஒரு செய்தி ஆறுவதற்குள் அடுத்தது. பின்னால் பெரிய பெயர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் அந்த ஒன்பது மாத இடைவெளியைக் கவனியுங்கள். ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் புலி விருதை வென்றது. அதே ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரப்பூர்வப் படமாகவும் போனது. நம் ஊர்ப் பார்வையாளர் அதை ஓடிடியில் பார்த்தது 2023 அக்டோபரில். விருதுச் செய்தியைப் படித்துவிட்டு “எங்கே பார்க்கலாம்?” என்று அன்றைக்கே என்னிடம் கேட்டவர்கள் பலர். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆவல் அப்படியே இருந்திருக்கும்? இந்த இடைவெளி படம் எடுத்தவர்களின் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, வியாபாரம் அப்படி இருக்கிறது. விழாவில் படம் தேர்வானவுடன் ட்ரெய்லர், பாட்டு, பேட்டி என்று எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு போஸ்டர், ஒரு ஸ்டில், ஒரு செய்திக் குறிப்பு போதும். கூடவே, ரிலீஸ் தேதி தெரிய விரும்புகிறவர்களின் போன் எண்ணையோ மின்னஞ்சலையோ வாங்கி வைத்துக்கொள்ள ஒரு வழி.

அவசரப்பட்டுப் படத்தை எங்கேயும் பொதுவில் ஏற்றிவிடவும் வேண்டாம். கான், பெர்லின், வெனிஸ் போன்ற விழாக்களின் போட்டிப் பிரிவுகள், பெரும்பாலும் வெளியில் திரையிடாத புதுப் படத்தைத்தான் கேட்கும். நண்பர்கள் பார்க்கட்டும் என்று யூடியூபில் போட்டுவிட்டு, பிறகு அழுத இயக்குநரை எனக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம், மாதாமாதம் விருது தரும் ‘சர்வதேச’ விழாக்கள். நுழைவுக் கட்டணம் கட்டினால் ஏதாவது ஒரு பிரிவில் விருது நிச்சயம். கோப்பை வேண்டுமானால் அதற்குத் தனிக் காசு. விழாவில் தேர்வானதைக் காட்டும் இலை வளையங்கள் முப்பதைப் போஸ்டரில் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். சினிமா பக்கம் பார்க்கிற எந்த நிருபருக்கும் இதன் சங்கதி தெரியும், முப்பது வளையம் உள்ள போஸ்டரைப் பார்த்ததும் மின்னஞ்சலை மூடிவிடுவார். கோவா, திருவனந்தபுரம், சென்னை விழாக்களில் ஒன்றில் இடம் கிடைத்தால் அந்த ஒற்றை வளையமே கௌரவம்.

ஒப்பந்த விஷயத்தில் ஒன்றே ஒன்று. படத்தின் சமூக ஊடகக் கணக்குகள் தயாரிப்பு நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு படத்தில், பணத் தகராறில் டிஜிட்டல் வேலை பார்த்தவர்கள் கடவுச்சொல்லைத் தர மறுத்துவிட்டார்கள். ரிலீஸ் தேதி தள்ளிப்போனதைக்கூடப் படத்தின் சொந்தப் பக்கத்தில் சொல்ல முடியவில்லை. பழைய தேதி போட்ட போஸ்டர் பதினைந்து நாள் அப்படியே தொங்கியது.

அந்த வடபழனி அனுபவத்துக்கு அடுத்த வருடம் விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு படம் வந்தது. இந்த முறை ஐந்து மாதம் முன்பே கூப்பிட்டார்கள். பவானிக்கு எதிர்க்கரையில், விசைத்தறிகள் நிறைந்த குமாரபாளையம். நானும் உதவி இயக்குநர் தம்பி ஒருவரும் போய் நாலு நாள் தங்கினோம். சென்னையில் டீக்கடை என்றால் அங்கே பேக்கரி, ஊர்ப் பேச்சு முழுக்க அங்கேதான். துண்டு நோட்டீஸை வைத்துக்கொண்டு ஒரு பேக்கரி வாசலில் நின்றபோது, ஐம்பது வயதிருக்கும் ஒருவர் வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: “படத்துல தறிச் சத்தம் நெசமாலுமே வருதுங்களா தம்பி? இல்ல மியூசிக் போட்டு மூடிப்புட்டீங்களா?”

நிஜச் சத்தம்தான் என்றேன். அன்று இரவே இயக்குநரிடம் சொல்லி, தயாராக இருந்த ட்ரெய்லரைக் கிடப்பில் போட்டோம். அதற்குப் பதில் நாற்பது நொடிக்கு ஒரு துண்டு. இசை இல்லை, வசனம் இல்லை. இருட்டில் ஒரு தறி ஓடத் தொடங்கும், பக்கத்துத் தறிகள் ஒவ்வொன்றாகச் சேரும், கடைசியில் பெயர். அதை யாருக்கும் காசு கொடுத்துப் பரப்பவில்லை. தறிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதுவாகவே பள்ளிபாளையம் வரை போனது. அங்கே சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது என்று தெரிந்த பிறகு, வெள்ளிக்கிழமைக் காட்சிகளைக் குறைத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித் தரச் சொல்லித் தியேட்டரில் கேட்டோம். மேனேஜர் அண்ணன் எங்களை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். இரண்டாவது சனிக்கிழமை அவரே போன் செய்து, “நாளைக்கு நைட் ஷோவும் சேத்துப் போட்டுரலாமுங்களா?” என்றார்.

படம் போட்ட காசை எடுக்கவில்லை. சென்னையில் படம் போட்ட எட்டு தியேட்டர்களில் ஒன்றுகூட நாலாவது நாளைத் தாண்டவில்லை. குமாரபாளையத்தில் பதினோரு நாள் ஓடியது.