வளையல் இறுகும்வரை காத்திருக்க வேண்டாம்

"மேடம், வலது கை வளையல் மட்டும் கழட்ட வரல. சோப்பு போட்டுக்கூடப் பாத்துட்டேன்."

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு பிசியோதெரபிக்கு வருகிறவர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களில் சிலருக்கு, மாதங்கள் கழித்தோ வருஷங்கள் கழித்தோ அந்தப் பக்கத்துக் கை வீங்கும். லிம்ஃபெடீமா என்போம். ஆரம்பத்திலேயே எங்களிடம் வந்தால் கட்டுப் போட்டு, பயிற்சி கொடுத்து, கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் உறையை மாட்டிக் கட்டுக்குள் வைக்கலாம். ஏன் இத்தனை நாள் கவனிக்கவில்லை என்று கேட்டால், "அந்தப் பக்கமே பாக்கறதில்ல" என்பார்கள்.

நைட்டியோடு குளிப்பவர்கள் உண்டு. பீரோ கண்ணாடியில் துண்டு தொங்கவிட்டவர்கள் உண்டு. மயிலாப்பூரிலிருந்து வரும் அம்மா ஒருவர், கர்ச்சீப்பை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் ஊக்குக் குத்தி வைத்திருந்தார். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் மடிப்பு மேலேறிவிடும் என்று கையையே தூக்குவதில்லை. ஆறு மாதத்தில் தோள் இறுகிவிட்டது. சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியை எத்தனை முறை சொல்லிக்கொடுத்து என்ன? ஊக்கைத் தாண்டி அந்தக் கை போகாது.

காலண்டர் போடலாம் என்று ஆரம்பித்ததும் இவர்கள் கூட்டம்தான். ஸ்லீவ் ஒன்று சில ஆயிரம் ரூபாய். ஆறு மாதத்தில் தொய்ந்துவிடும், மாற்ற வேண்டும். வாங்க முடியாதவர்களுக்காக நிதி திரட்டத்தான் இந்த யோசனை. 1999-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ரில்ஸ்டோன் மாதர் சங்கத்துப் பெண்கள் இப்படி ஒன்று செய்தார்கள். தோழியின் கணவர் லிம்ஃபோமா என்ற ரத்தப் புற்றுநோயில் இறந்துபோன துக்கத்தில், ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க, நடுவயதைத் தாண்டியவர்கள் பூச்செடிக்கும் சமையல் சாமானுக்கும் பின்னால் உடையில்லாமல் நின்றார்கள். அதைச் சொன்னதும் எங்கள் ஹாலில் ஒரே சிரிப்பு. "நம்ம ஊர்ல காலண்டர்னா லட்சுமிதான் மேடம், புடவை கட்டியே நிப்போம்!"

ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் அடுத்த வருஷ மாதிரிகளோடு காலண்டர் ஆல்பம் வந்துவிடும், அதற்குள் படம் எடுக்க வேண்டும் என்று பரபரத்தார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் விடிகாலை, கீமோவுக்குப் பின் அரை அங்குலம் முளைத்த தலையோடு ஒருவர். பழுப்பு ஸ்லீவ் மாட்டிய கையால் முருங்கைக் கீரை உருவுகிறவர் இன்னொருவர். மயிலாப்பூர் அம்மா கர்ச்சீப் வைக்காமல் நின்றார். ஒரு பக்கம் தட்டையாகப் படிந்த முந்தானையை போட்டோகிராபர் இழுத்துச் சரிசெய்யப் போக, "இருக்கட்டும்பா" என்றார். வெயில் ஏறுமுன் முடித்துவிட்டோம். சென்னை வெயிலில் ஸ்லீவ் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நான்கு பேர் மாட்டேன் என்றார்கள். அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. உடம்பை நேசி, தழும்பைக் கொண்டாடு என்கிற பேச்சில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. தழும்பு அழகாகத் தெரியாவிட்டால் போகட்டும். குளித்துவிட்டு ஒரு நிமிஷம் பார்க்க முடிந்தால் எனக்குப் போதும்.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: தழும்பின் மேலோ ஓரத்திலோ புதுக் கட்டி, சிவப்பு, ஆறாத புண். மறுபக்க மார்பில் கட்டி, தோல் குழிவு, உள்ளிழுத்த காம்பு, நீர்க்கசிவு. ஒரு பக்கம் மட்டும் இறுகும் வளையல், மோதிரம், ஜாக்கெட் கை. வீங்கிய கை சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

மாட்டேன் என்ற நால்வரில் ஒருவர் போன வாரம் வந்தார். தழும்பின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒன்று இருக்கிறது, நேற்றுக் கண்ணாடியில் பார்த்தேன் என்றார். உடனே சர்ஜனிடம் அனுப்பினேன்; சோதித்ததில் பழைய தையல் நூலின் முடிச்சு என்று தெரிந்தது. அதைச் சொல்ல வந்தவர், கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"மேடம், ஜூலை மாசத்துல அந்தம்மா கட்டியிருக்காங்களே அரக்கு சுங்குடி, அது எந்தக் கடைன்னு கேட்டுச் சொல்றீங்களா?"