ஒரு பெட்டியில் பதிந்த ஆட்டம் அடுத்த பெட்டியில் ஏன் ஓடாது?

திருகோணமலை திருக்கடலூரில் இரவு கடலுக்குப் போகிறவர்களுக்குப் பகலிரவு கிரிக்கெட்டை நேரலையில் பார்க்க வாய்ப்பில்லை. பதிவு வசதியுள்ள டிஷ் பெட்டியில் பென் டிரைவைச் செருகி நேரம் குறித்துவிட்டால் காலையில் வந்து பார்க்கலாம். ஆனால் அதே பென் டிரைவ் உப்புவெளியில் அக்கா வீட்டுப் பெட்டியில் பெரும்பாலும் ஓடாது. பழுது எதுவும் இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கட்டண அலைவரிசையின் படம் செயற்கைக்கோளிலிருந்து இறங்கும்போதே குழப்பிய எண்களாகத்தான் வருகிறது. அதைப் பிரிக்கும் இரகசிய எண் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். புதிய எண்ணும் அதே அலையில், அதுவும் பூட்டப்பட்டே வரும். சந்தா கட்டிய பெட்டியின் அட்டையோ சிப்போதான் அதைத் திறக்கும். சரி, திறந்த படத்தைப் பெட்டி அப்படியே பென் டிரைவில் எழுதுகிறதா? இல்லை. தனக்கு மட்டுமே உரிய இன்னொரு எண்ணால் மறுபடி பூட்டித்தான் எழுதுகிறது. அந்த எண் சிப்பை விட்டு வெளியே வராது. பெட்டி செத்தால் பதிவுகளும் அதோடு போகும்.

இலவச ஒளிபரப்பில் இந்தப் பூட்டு அவசியமில்லை. அங்கே அமெரிக்கா வேறு வழியை முயன்றது. படத்தோடு 'இதைப் பரப்பாதே' என்று ஒரு சிறு குறியீட்டை அனுப்புவது, பெட்டிகள் அதற்குப் பணிய வேண்டும் என்று விதிப்பது. குறியீடு தானாக எதையும் தடுக்காது, கருவி கீழ்ப்படிந்தால்தான் வேலை செய்யும். அதனால்தான் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2003இல் கருவிகளுக்கே கட்டளையிட்டது. அலையை வாங்கிய பிறகு கருவி என்ன செய்கிறது என்பதில் அந்த ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2005 மே மாதம் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடு என்று 1984லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

நமக்கு நெருக்கமான பாடம் ஜப்பான்தான். இலங்கை 2014இல் தேர்ந்தது ஜப்பானின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையை. அங்கே 2004 முதல் ஒரே பிரதிதான். பதிவை டிஸ்குக்கு மாற்றினால் பெட்டியில் உள்ளது அழியும், மாற்றும்போது கோளாறு வந்தால் இரண்டுமே போகும். மக்கள் கொதித்தார்கள். 2008இல் அதைப் பத்தாக உயர்த்தினார்கள்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வெளியான படைப்பைச் சட்டப்படியான பிரதியிலிருந்து சொந்தப் பாவனைக்கு ஒருமுறை பிரதியெடுக்க இடம் தருகிறது. அதே சட்டம், பூட்டை உடைப்பதற்கென்றே செய்த கருவிகளை விற்கக் கொண்டுவருவதைத் தடுக்கிறது. திருட்டு விற்பனையைத் தடுக்கப் பூட்டு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் பிரதி விற்பவரையும், காலையில் ஆட்டம் பார்க்கும் கடற்றொழிலாளியையும் பெட்டியால் பிரித்தறிய முடியாது. இங்கே டிஜிட்டல் பெட்டிகளுக்கு விதி எழுதும்போது, இலவச அலைவரிசைகளின் பதிவு எந்தப் பெட்டியிலும் ஓட வேண்டும் என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். பெட்டிகள் கடைக்கு வந்த பிறகு கேட்டால் ஜப்பானியர்களைப் போல நாமும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போம்.