சுவர் இளைத்தாலும் காற்று இளைக்காது

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1953-ல் கட்டி முடித்த அல்கோவா கட்டடத்துக்கு 30 மாடி. வெளிச்சுவர் முழுக்க அலுமினியத் தகடு; கனம் எட்டில் ஒரு பங்கு அங்குலம்தான். 6 அடிக்கு 12 அடி அளவுள்ள அத்தகைய தகடு ஒன்றின் எடை 60 கிலோவுக்குள் அடங்கிவிடும். அதே பரப்புக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் ஏறக்குறைய 3 டன்!

இந்த வித்தியாசம் கீழே இறங்க இறங்கப் பெருகும். ஓரத்து உத்தரம் தான் சுமந்ததைத் தூணிடம் கொடுக்கிறது. தூண் மாடிக்கு மாடி அதைச் சேர்த்துக்கொண்டுபோய் அஸ்திவாரத்தில் இறக்குகிறது. சுவர் இலேசானால் இவை மூன்றின் அளவும் குறையும். நிலநடுக்க விசையும் கட்டடத்தின் எடையைப் பொறுத்தது என்பதால் அதுவும் தணியும்.

ஆனால் காற்று எடையைப் பார்ப்பதில்லை, பரப்பைத்தான் பார்க்கிறது. 3 டன் சுவரைத் தள்ளும் அதே விசையோடு 60 கிலோ தகட்டையும் தள்ளும். மறுபக்கத்தில் உறிஞ்சி வெளியே இழுக்கும். உயர்ந்த கட்டடம் சாயாமல் நிற்க அதன் சொந்த எடையும் கைகொடுக்கும். அந்த எடைதான் இப்போது குறைந்திருக்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இறுக அடைத்துக் கட்டிய செங்கல் சுவர், கணக்கில் எழுதாவிட்டாலும், சட்டகம் பக்கவாட்டில் ஆடாதபடி முட்டுக்கொடுக்கும். அலுமினிய முகப்பு அதைச் செய்யாது. லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றிய கான்கிரீட் சுவர்களோ, குறுக்கே சாய்த்துப் பொருத்திய எஃகுத் தண்டுகளோ அந்த வேலையை முழுதாக ஏற்க வேண்டும். எடை குறைந்ததே என்று தூணை மட்டும் இளைக்கவைப்பது அரைக்கணக்கு.

தகட்டுக்கும் விறைப்பு வேண்டும். ஒரே அளவில் எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும். அல்கோவா தகடுகளில் பிரமிடு போலக் குழித்த அச்சு அழகுக்கு மட்டும் அல்ல. நெளிதகரக் கூரை வளையாமல் நிற்பதும் இதே உத்தியால்தான்.

பிறகு வெயில். முகப்பைத் தாங்கும் 3.5 மீட்டர் நீள அலுமினியச் சட்டம் 50 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட் சுமார் பாதியளவே நீளும். அதனால் சட்டத்தை மேல்முனையில் தளத்தின் விளிம்போடு பிராக்கெட் வைத்துத் தொங்கவிடுகிறார்கள். கீழ்முனை அடுத்த சட்டத்தோடு செருகி நிற்கும், நடுவே சிறு இடைவெளி விட்டு. வெப்பத்தால் நீள்வதற்கும், ஆட்களும் சாமான்களும் ஏறித் தளம் தொய்வதற்கும் அந்த இடைவெளிதான் இடம். அது எத்தனை மில்லிமீட்டர் என்று முகப்பு அமைப்பவர் கேட்பார். தளத்தின் விளிம்பு எவ்வளவு தொய்யும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.