குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் அன்று

டெக்சாஸின் தென்பகுதியில் முதியோர் மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். சென்ற மாதம் 71 வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். பல ஆண்டுகளாக நடந்து பழகிய வழியில், தேவாலயத்திலிருந்து வீடு திரும்பும்போது அவர் இரண்டு முறை திசை தவறியிருந்தார். “அப்பாவுக்கு அல்சைமர்தானே?” என்று கேட்ட மகளிடம், அவர் இரவில் எப்படி உறங்குகிறார் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி சற்றுப் பெருமையோடு ஸ்பானிய மொழியில், “துயெர்மே கோமோ உன் த்ரோங்கோ” என்றார். மரக்கட்டை போல உறங்குகிறார் என்று பொருள். குறட்டைச் சத்தம் தெருவரை கேட்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தக் குறட்டை நடுவில் நின்றுபோவது உண்டா என்று கேட்டபோது அந்த அம்மாள் பேசவில்லை. கையை மார்பில் வைத்து, மூச்சை அடக்கிச் சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டு, பிறகு திடுக்கென்று இழுத்துக் காட்டினார். அப்படி நிற்கும்போதெல்லாம் கணவரை முழங்கையால் இடித்து எழுப்புவாராம். பதினைந்து ஆண்டுகளாக இது நடக்கிறது. வீட்டிலேயே செய்யக்கூடிய உறக்கப் பரிசோதனையில், மணிக்கு நாற்பது முறைக்கு மேல் அவருடைய மூச்சு தடைபடுவது தெரிந்தது. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனையோ மருத்துவர்கள் அவருடைய சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அளந்திருக்கிறார்கள். உறக்கத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்றால் நன்றாகத் தூங்குகிறார் என்றே தமிழிலும் பொருள் கொள்கிறோம். இது முற்றிலும் தவறு. உரத்த குறட்டை என்பது தொண்டையின் குறுகிய வழியில் காற்று முட்டி மோதி நுழையும் ஓசை. அந்த வழி முழுதும் அடைபடும்போது குறட்டை நின்றுவிடுகிறது. அந்த அமைதியைத்தான் குடும்பத்தினர் நிம்மதியான உறக்கம் என்று நினைக்கிறார்கள், ஆனால் ஆபத்து அந்த அமைதியில்தான் இருக்கிறது. மூச்சு மீண்டு வருவதற்காக மூளை ஒவ்வொரு முறையும் அரைகுறையாக விழித்துக்கொள்வதால், எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர் எட்டு மணி நேரம் உறங்கியவர் ஆகமாட்டார். காலையில் தலைவலியோடு எழுந்து, பகலில் நாற்காலியிலேயே கண் அயர்ந்து, பேச்சின் நடுவே சொல் மறந்து தவிப்பவரைப் பார்த்து வீட்டார் சொல்வது, “எஸ் லா எடாட்” என்பது, அதாவது வயதாகிவிட்டது.

பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோ ஆகிய இடங்களில் 2008 முதல் 2011 வரை லத்தீனோக்கள் எனப்படும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள் 16,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்தப்பட்ட பேராய்வில், பத்தில் ஒருவருக்கு நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ இந்த மூச்சுத்தடை இருப்பது தெரிந்தது. ஆனால் தமக்கு அந்த நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றவர்கள் 1.3 விழுக்காட்டினர் மட்டுமே. அமெரிக்காவின் முதிய லத்தீனோக்களுக்கு, முதிய வெள்ளையர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாக மறதிநோய் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், என் கோபம் உங்களுக்குப் புரியும்.

அதே மக்களில் நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் ஏழாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் உறங்குபவர்களின் நினைவாற்றல் கூடுதலாகக் குறைந்திருந்தது. நீண்ட உறக்கம் மூளையைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மூளையில் தொடங்கிவிட்ட நோயே ஒருவரை அதிகம் உறங்க வைக்கலாம். எப்படியானாலும், ஏழெட்டு மணி நேரம் உறங்கிவந்த தாயார் பத்து மணி நேரம் உறங்கத் தொடங்கினால், ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தூக்கம் வரவில்லை என்று கடையில் தாமாகவே மாத்திரை வாங்கிப் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பெயரின் இறுதியில் பி.எம். என்று வரும் வலி மாத்திரைகளில் பெரும்பாலும் டைஃபென்ஹைட்ரமின் என்ற, உறக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்து இருக்கும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் அது வெகு காலமாகவே இருக்கிறது. நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கிறது. மறதிநோய்க்கு நாங்கள் தரும் டோனெபெசில் அதே அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்கான மருந்து. இவை இரண்டையும் ஒரே பையில் போட்டு என் மேசையில் வைத்தவர்கள் பலர். தூக்கத்துக்காக மெக்சிகோ வீடுகளில் போடும் தீலாப் பூத் தேநீர் குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை உறக்கப் பழக்கங்களைச் சீர்செய்யும் நடத்தைவழிச் சிகிச்சைதான். அது ஸ்பானிய மொழியிலும் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

மருத்துவரைப் பார்க்க வரும்போது, அருகில் படுப்பவரையும் அழைத்து வாருங்கள்; முடியாவிட்டால் உறங்குபவரைக் கைப்பேசியில் ஐந்து நிமிடம் பதிவு செய்து கொண்டு வாருங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாத்தாவின் இரவுகளைப் பற்றிப் பேரனுக்குத் தெரியாது, தாத்தாவும் அவனிடம் சொல்லமாட்டார். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. உரிய குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 65 வயதிலும் கிடைப்பதில்லை. அவர்கள் வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக நல மையங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

மூச்சுத்தடைக்குச் சிகிச்சை செய்தால் மறதிநோய் வரவே வராது என்று நான் சொல்லவில்லை, அப்படி நிறுவப்படவில்லை. ஆனால் உறங்காத மூளையை உறங்க வைத்த பிறகுதான், அதன் மறதியில் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு களைப்பால் வந்தது என்று பிரித்தறிய முடியும். அந்தப் பெரியவர் இப்போது இரவில், காற்றழுத்தத்தால் மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியின் முகமூடியை அணிந்து உறங்குகிறார். ஆறு மாதம் கழித்து அவருடைய நினைவாற்றலை மீண்டும் சோதிக்க இருக்கிறேன். அதுவரை அவருடைய கோப்பில் அல்சைமர் என்ற சொல்லை நான் எழுதப்போவதில்லை.