காட்டுச் சாலையில் செல்வோருக்கு வேட்டைத் தடைச் சட்டம் சொல்வது என்ன?

முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் காடுகளின் ஊடே செல்லும் தேசிய நெடுஞ்சாலைகளில் பயணம் செய்பவர்களில் பெரும்பாலோர், வேட்டை குறித்த சட்டம் தங்களுக்குத் தொடர்பில்லாதது என்றே எண்ணுகின்றனர். ஆனால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தரும் பொருள் மிக அகலமானது. அதன் 2(16) பிரிவின்படி, காட்டு விலங்கைக் கொல்வதும் நஞ்சிடுவதும் மட்டுமல்லாமல், பிடிப்பது, துரத்துவது, விரட்டி ஓட்டுவது, கண்ணி வைப்பது, இரை காட்டி ஈர்ப்பது, காயப்படுத்துவது, உடலின் ஒரு பகுதியை எடுப்பது ஆகிய அனைத்தும் வேட்டையே ஆகும். கொல்வதற்கோ பிடிப்பதற்கோ விரட்டுவதற்கோ முயல்வதும் அதில் அடங்கும். சாலையைக் கடக்கும் காட்டெருமையை ஹாரன் அடித்தபடி காரில் துரத்திக் கைப்பேசியில் படமெடுப்பவர் அதை விளையாட்டு என்று சொல்லலாம். வனத்துறை வழக்குப் பதிந்தால் அந்த விளக்கம் அவருக்குப் பெரிதாக உதவாது.

இச்சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முற்றாகத் தடைசெய்யவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1972-இல் சிறப்பு வேட்டை, பெருவிலங்கு வேட்டை, சிறுவிலங்கு வேட்டை, பொறி வைத்துப் பிடித்தல் என நான்கு வகை உரிமங்கள் இருந்தன. புள்ளிமானும் கடமானும் பெருவிலங்குப் பட்டியலில் இருந்தன. உரிமம் பெற்றவரும் எப்படிச் சுடக்கூடாது என்பதைப் பழைய 17-ஆம் பிரிவு விரிவாக வகுத்திருந்தது. சக்கரமுள்ள எந்த வாகனத்திலிருந்தும் வேட்டையாடக் கூடாது. விலங்குகளை விரட்டி ஓட்ட மோட்டார் வாகனத்தைப் பயன்படுத்தக் கூடாது. தனி அனுமதி இல்லாமல், சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் உதிக்கும் வரையிலும், செயற்கை ஒளியைப் பாய்ச்சியும் வேட்டையாடக் கூடாது. விலங்குகள் நீர் அருந்தவும் உப்பு மண்ணை நக்கவும் வரும் இடங்களிலோ அவற்றுக்குச் செல்லும் தடங்களிலோ காத்திருந்து சுடக் கூடாது. இவற்றோடு 15-ஆம் பிரிவு, குட்டியோடு வரும் பெண் விலங்கையும், கொம்பின் மேல் இன்னும் மென்தோல் உரியாத மானையும் தனி அனுமதியின்றி வேட்டையாடத் தடை விதித்தது. தப்பி ஓட வழியே இல்லாத நிலையில் ஒரு விலங்கைச் சுடுவது வேட்டைக்காரனுக்கும் இழுக்கு என்ற பழைய அறத்தையே இவ்விதிகள் சட்டமாக்கியிருந்தன என்று கொள்ளலாம். 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம முறையையும் அதனோடு இந்தப் பிரிவுகளையும் நீக்கிவிட்டு, 9-ஆம் பிரிவின் கீழ் வேட்டையையே தடைசெய்தது.

விதிகள் ஏட்டிலிருந்து நீங்கினாலும் அவற்றுக்கான காரணம் சாலையோரத்தில் அப்படியே இருக்கிறது. பார்வைக்காகப் புதர் வெட்டப்பட்ட சாலை ஓரங்களில் புல் தழைப்பதால், மான் கூட்டங்கள் அந்தி சாய்ந்ததும் அங்கே வந்து மேய்கின்றன. முகப்பு விளக்கின் ஒளி பட்டதும் அவற்றின் கண்கள் பச்சையாக மின்னும். ஒளியின் பின்னே இருப்பது எதுவென்று தெரியாமல் அந்த மான் சில நொடிகள் அசையாமல் நின்றுவிடும். இரவில் ஜீப்பில் வந்து ஒளி பாய்ச்சிச் சுடுபவர்கள் நம்பியிருப்பது அந்தச் சில நொடிகளைத்தான். ஆகவே நள்ளிரவில் காட்டோரம் வண்டியை நிறுத்தி டார்ச் அடித்துக்கொண்டிருக்கும் சுற்றுலாப் பயணியைச் சோதனைச்சாவடி ஊழியர் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. குற்றம் நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், வாகனத்தை நிறுத்திச் சோதிக்கவும், பிடியாணை இன்றிக் கைது செய்யவும் 50-ஆம் பிரிவு அவர்களுக்கு அதிகாரம் அளிக்கிறது.

சரணாலயத்துக்குள் நுழைய யார் யாருக்கு உரிமை உண்டு என்பதை 27-ஆம் பிரிவு வரையறுக்கிறது. பொதுச் சாலை வழியாகக் கடந்து செல்பவருக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை. ஆனால் அந்த உரிமை சாலையோடு முடிந்துவிடுகிறது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடைவரை நடந்து செல்பவருக்கு அது பொருந்தாது. விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் இதே பிரிவு தடைசெய்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துமூலமான முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது 31-ஆம் பிரிவு. இவை தவிர, பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. சத்தியமங்கலம் காட்டின் ஊடே செல்லும் திம்பம் மலைப்பாதையிலும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவு நேரக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. இத்தடைகள் முதன்மையாக விபத்தைத் தடுக்க வந்தவை என்றாலும், இரவு வேட்டைக்கு வரும் வண்டிகளுக்கும் அவை இடையூறாகவே அமைகின்றன.

மிகுதியான குழப்பம் விபத்தில் இறந்த விலங்கைப் பற்றியது. ‘நாங்கள் கொல்லவில்லையே, லாரி அடித்துக் கிடந்ததைத்தானே எடுத்தோம்’ என்ற பேச்சு காட்டோர ஊர்களில் அடிக்கடி கேட்பது. சட்டத்தில் இதற்கு இடமில்லை. இறந்து கிடக்கும் காட்டு விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட காட்டு விலங்கும் 39-ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. இறைச்சி மட்டுமின்றி, கொம்பு, பல், தோல் என எதையும் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அத்தகைய பொருள் எப்படியோ ஒருவர் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும். ஒருவரிடம் காட்டு விலங்கின் இறைச்சி பிடிபட்டால், அது சட்டவிரோதமாக வந்ததில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை 57-ஆம் பிரிவு அவர் தலையிலேயே சுமத்துகிறது. நீங்கள் ஓட்டிய வண்டியே விலங்கின் மீது மோதிவிட்டால், பாதுகாப்பான தொலைவில் நிறுத்தி, வனச்சரக அலுவலகத்துக்கோ அடுத்த சோதனைச்சாவடிக்கோ உடனே தகவல் தருவதே முறை. அடிபட்ட விலங்கின் அருகே போவது ஆபத்தானது. அதைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், பின்னர் விளக்கிச் சொல்லக் கடினமான செயல். உள்நோக்கம் இல்லை என்பதற்கு ஓட்டுநர் தரக்கூடிய நல்ல சான்று, அவர் ஓடி ஒளியாமல் தாமே தகவல் சொன்னார் என்பதுதான்.

தண்டனை கடுமையானது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுவான குற்றங்களுக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. யானை, புலி, சிறுத்தை, காட்டெருமை முதலான, சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கும், சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ நடக்கும் வேட்டைக்கும் மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்பட்ட வாகனமும் 39-ஆம் பிரிவின் கீழ் அரசின் சொத்தாகும். நண்பரின் வண்டியை இரவல் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் இந்தக் கடைசி விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

காட்டோரம் வசிப்பவர்களுக்கு வேறு சில விதிகளும் உள்ளன. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசித்து, துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் அந்தத் துப்பாக்கியை வன அலுவலரிடமும் பதிவு செய்ய வேண்டும். தன்னையோ பிறரையோ காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் அது குற்றமாகாது என்று 11(2) பிரிவு கூறுகிறது. ஆனால் அந்த நேரத்தில் அவர் இச்சட்டத்தை மீறும் செயலில் ஈடுபட்டிருக்கக் கூடாது. கண்ணி வைக்கப் போன இடத்தில் காட்டெருமை பாய்ந்தது என்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தற்காப்புக்காகக் கொல்லப்பட்ட விலங்கும் அரசுக்கே உரியது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைப் பொறுத்தவரை, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றைச் சுடத் தமிழ்நாடு அரசு 2025-இல் வழிசெய்தது. சுடும் அதிகாரம் வனத்துறையினருக்கு மட்டுமே உண்டு. விவசாயி செய்ய வேண்டியது புகார் கொடுப்பதுதான். தாமே சுருக்குக் கம்பி கட்டினாலோ அவுட்டுக்காய் (வெடிமருந்து பொதிந்த இரை) வைத்தாலோ, அது சொந்த நிலமாகவே இருந்தாலும், வழக்கு அவர்மீது பாயும்.