தெரு கூட்டும் நாள் குறைந்தால் யாரைக் கேட்பது?

பாடாங் செராய், லூனாஸ் தாமான்களில் கூட்டும் முறை குறைந்தால் கூலிம் நகராண்மைக் கழகத்தைத்தான் முதலில் திட்டத் தோன்றும். ஆனால் கெடாவில் 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருப்பது 672ஆம் சட்டம், அதாவது திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம். தெரு கூட்டுவது, கால்வாய் சுத்தம், பொது இடப் புல்வெட்டு, குப்பை எடுப்பது எல்லாம் இ-இடாமான் நிறுவனத்தின் குத்தகையில் நடக்கின்றன, மேற்பார்வை எஸ்.டபிள்யூ.கோர்ப் என்ற கூட்டரசுத் துப்புரவுக் கழகம். பினாங்கு இந்தச் சட்டத்தில் சேரவில்லை. அதனால் அங்கே நிபோங் திபாலில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் வழி இங்கே உதவாது.

புகாருக்கு முன் சாலை யாருடையது என்று பாருங்கள். பாதிப் புகார்கள் இங்கேதான் சிக்கிக்கொள்ளும். மேம்பாட்டாளர் இன்னும் கழகத்திடம் ஒப்படைக்காத புதிய தாமானில் சாலைப் பராமரிப்பு அவர் பொறுப்பு. ஒப்படைப்பு முடிந்ததா என்பதை நகராண்மைக் கழகப் பொறியியல் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு ஊராட்சி நிர்வாகமே வேறு. தோட்ட லயத்துச் சாலை கம்பெனி நிலம். அங்கே துப்புரவுக்குக் கேட்க வேண்டியது தோட்ட நிர்வாகத்தை. நிர்வாகம் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம், ஏனென்றால் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் 1990ஆம் ஆண்டு 446ஆம் சட்டத்தில் வருகிறது.

அடுத்தது அட்டவணை. குப்பை லோரி வரும் நாளும் தெரு கூட்டும் நாளும் ஒன்றல்ல. கூட்டுவது, கால்வாய், புல்வெட்டு மூன்றுக்கும் தனித்தனி நாள் உண்டு. "எங்கள் லோரோங்கில் இந்த மூன்றும் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தக் கிழமை, எந்தத் தேதியிலிருந்து மாற்றம்?" என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தைப் பதிலை வைத்துப் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

மூன்றிலும் கால்வாய் நாளைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். கூட்டும் நாளுக்கு அப்புறம் புல் வெட்டினால், வெட்டிய புல் முழுக்கக் கால்வாயில் இறங்கும். மண்ணோடு சேர்ந்து அடைத்து, நீர் தேங்கும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே இடைவெளியைக் குறைக்க முடியாவிட்டாலும், புல்வெட்டு, கூட்டல், கால்வாய் என்ற வரிசையையாவது கேட்டு வாங்குங்கள். கூடுதல் செலவில்லாத கோரிக்கை என்பதால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

வந்தும் கூட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஓரத்தில் நிற்கும் கார். தூசி சேர்வது சாலையோரக் கல்லை ஒட்டித்தான். காருக்கு அடியில் துடைப்பம் போகாது. வீடு பழுதுபார்ப்பவர் கொட்டிய மணல், வாசலில் குவித்த மரக்கிளை இவை கூட்டுபவர் வேலையில் வராது. கிளைகளைக் கட்டி, வாரம் ஒருமுறை பெரிய சாமான்கள் எடுக்கும் நாளில் வையுங்கள்.

புகாருக்கு எஸ்.டபிள்யூ.கோர்ப் எண் 1-800-88-7472. லோரோங் பெயர், அருகிலுள்ள விளக்குக்கம்ப எண், அட்டவணைப்படி வர வேண்டிய தேதி, அன்றைய படம் நான்கும் வேண்டும். "எப்போதும் அசுத்தம்" என்று எழுதினால், ஒருநாள் வந்து கூட்டிவிட்டுப் புகாரை முடித்துவிடலாம். தவறிய தேதிகளை வரிசையாகப் போட்டால் அப்படி முடிக்க முடியாது. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

கோபத்தில் நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரியை நிறுத்திவைப்பது மட்டும் வேண்டாம். பிப்ரவரி, ஆகஸ்டு கடைசித் தேதிகள் தாண்டினால் அபராதம் சேரும். கூட்டும் நாள் குறைந்தது அதற்குச் சாக்காகாது.

அட்டவணையே போதாது என்றால் அது தனிப் புகாராகத் தீராது. குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதி எஸ்.டபிள்யூ.கோர்ப்புக்கும், பிரதியை உங்கள் பகுதி நகராண்மைக் கழக உறுப்பினருக்கும் கொடுங்கள். உறுப்பினரை நியமிப்பது மாநில அரசு. கழகத்தின் முழுக் கூட்டம், தீர்மானம் போட்டு மூடாத வரை, பொதுமக்களுக்குத் திறந்ததே, போய் உட்காரலாம். கடிதம் கொடுத்த தேதியையும் பெற்றுக்கொண்ட முத்திரையையும் பிரதியில் வாங்காமல் திரும்பாதீர்கள்.